பதினைந்து நொடி

ஷிபுயா. கடைசி ரயிலுக்கு முன்
யார் பையிலோ அந்தக் காதல் பாட்டு அடிக்க
ஆறு பெண்கள் ஒரே நேரத்தில் கைப்பை துழாவுகிறார்கள்.
எல்லார் போனிலும் அதே பல்லவி,
அதே பதினைந்து நொடி.

நாகிசா போனில் ஒட்டிய கற்களில்
இரண்டு உதிர்ந்திருக்கின்றன.
அடித்தது அவளுடையதல்ல.

பாட்டுக்காரிக்கென்ன,
மழையில் நின்று அழுவாள்.
இவளுக்கு இமைமேல் இரண்டடுக்கு இமை,
பசையோடு எண்ணூறு யென்.
எதுவும் வழிந்துவிடாதபடி
அண்ணாந்து விளம்பரப் பலகையைப் பார்க்கிறாள்,
ஷாம்பு, மறுபடி ஷாம்பு.

பிறகு பாட்டை
அவன் பெயரிலிருந்து கழற்றி
தோல் கருக்கும் கடை மேனேஜருக்கு மாட்டுகிறாள்.

நாளைக் காலை
"எங்கே தொலைந்தாய்?" என்று கத்துமுன்
அந்த மனுஷன்
பதினைந்து நொடி
உருகியாக வேண்டும்.