பட்டியலைத் தட்டச்சு செய்தவள்

பொன்விழாவுக்குப் பெருமைக்குரியோர் பட்டியல்,
பதினொரு பேர்.
பன்னிரண்டாவதாக யாரைச் சேர்ப்பது என்று
பெற்றோர் ஆசிரியர் கழகம் மூன்று முறை கூடி
மூன்று முறையும் போண்டா தின்று கலைந்தது.
நன்கொடையாளர் பெயர் பட்டியலில் வராது,
பட்டியலுக்கு மேலே வரும்.

தட்டச்சு என் வேலை.
மாதையன், காவல் துணைக் கண்காணிப்பாளர், ஓய்வு.
ஜபருல்லா, கப்பல் பொறியாளர்; எந்தக் கடலில் என்று
அவர் அண்ணனுக்கே தெரியவில்லை.
சாக்கம்மாள், குண்டு எறிதல், மாநில அளவில் வெள்ளி,
இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் பாதுகாவலர்.
வாசலை எடுத்துவிடச் சொன்னார் தலைமையாசிரியர்.
எடுத்தேன்.
பாதுகாவலரையும் எடுக்கச் சொன்னார்.
ஓசூர் மட்டும் நின்றது.

ஆசிரியர்களில் எஸ்தர் ராஜகுமாரி, வேதியியல்.
'முப்பத்தோரு ஆண்டுகள், விடுப்பெடுக்காத சேவை.'
சரிபார்க்கப் பணிப்பதிவேட்டைத் தேடி
பீரோவின் கீழ்த்தட்டில் கைவிட்டபோது
கரையான் பாதி படித்து முடித்த
வேறொரு கோப்பு வந்தது.

எண்பத்தேழு, ஜூலை.
வளாகத்து அடிகுழாய்த் தண்ணீரை, தெருவுக்கே அதுதான் தண்ணீர்,
ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து
பென்னாகரத்திலிருந்து தருமபுரி வரை
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்.
ஃபுளோரைடு, லிட்டருக்கு நாலு புள்ளி ரெண்டு மில்லிகிராம்.
ஒன்றரைக்கு மேல் ஆகாது என்று
பக்கத்தில் அவர் கையெழுத்து, இரண்டு அடிக்கோடு.
ஓரத்தில் அன்றைய தலைமையாசிரியர்:
கோப்பில் வைக்கவும்.
வைத்திருக்கிறார்கள்.

அடுத்த தாள் ஒரு குறிப்பாணை.
அடிகுழாய்க் கைப்பிடிக்குத் தன்னிச்சையாகச்
சிவப்புப் பெயிண்ட் அடித்து
அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியது ஏன்,
ஏழு நாட்களுக்குள் விளக்கவும்.
விளக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது.
'பிள்ளைகள் பல்' என்று இரண்டு சொல் மிச்சம்.

பதினாறு கிலோமீட்டரில் ஒகேனக்கல்.
அவ்வளவு தண்ணீரும் சத்தம் போட்டுக்கொண்டே
மேட்டூருக்குப் போய்க்கொண்டிருந்த காலம்.

தலைமையாசிரியரிடம் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார்.
"விழா நேரத்துல இதெல்லாம் வேண்டாம்மா.
லீவு எடுக்காததே போதும்."

அன்று சால்வை, சந்தன மாலை, கேடயம்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
மாதையன் பதினெட்டு நிமிடம் பேசினார்,
மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து,
விரல்களால் உதட்டை மறைத்தபடி.

எஸ்தர் டீச்சர் எழுந்ததும்
மேடையை ஒருமுறை காலால் தட்டிப் பார்த்தார்.
குழாய் இருந்த இடம் அது, சிவப்புக் கம்பளத்துக்கு அடியில்.
"நாலு புள்ளி ரெண்டு" என்றார்.
உட்கார்ந்துவிட்டார்.
ஏதோ தேர்ச்சி விகிதம் என்று கூட்டம் கைதட்டியது.
சாக்கம்மாள் மட்டும் அவரைத் திரும்பிப் பார்த்தார்.
கழுத்து திரும்பாது அவருக்கு,
உடம்போடு திரும்பினார்.

பிறகு குழுப்படம்.
"எல்லாரும் நல்லா சிரிங்க" என்றான்
சேலத்திலிருந்து வந்த கேமராக்காரப் பையன்.
வரிசை முழுக்க உதடு ஒட்டிய சிரிப்பு.
ஜபருல்லாவுக்குப் பீங்கான் பல், அவர் திறந்து சிரித்தார்.
"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று
மூன்று தரம் எடுத்தும்
பையனுக்குத் திருப்தியில்லை.

சால்வைத் தட்டோடு ஓரத்தில் நின்றதால்
நானும் பாதி விழுந்திருக்கிறேன்.
தொண்ணூற்று மூன்று, பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு.
வாய் மூடியிருக்கிறது.
அந்தக் கைப்பிடி எனக்கு நன்றாக ஞாபகம்,
அங்கங்கே சிவப்பு உரிந்து கிடந்தது.
அழகுக்கு அடித்தது என்று நினைத்தோம்.
நீ முந்தி நான் முந்தி என்று
தொங்கி அடித்துக் குடித்தோம்.