பதினேழாவது டோக்கன்

வேலம்பாளையத்து ஆஸ்பத்திரியில்
புதன்கிழமை, ஊசி நாள்.
ஒன்பது மாச மகளோடு நான்.
சாப்பிட வாயைத் திறப்பதில்லை என்று
யாரிடமும் சொல்லவில்லை;
பைக்குள் ஆறிப்போன டப்பாவே சொல்லிவிட்டது.

'ராகிய மொளகட்டி அரைச்சுக் காச்சுங்,
அப்பறம் பாருங்' என்றார் ஓவர்லாக் கோகிலம்.
'பருப்புத்தண்ணிய மொதல்ல நிறுத்துங்க.
தண்ணில என்ன சத்து கெடக்குது?'
'எம்பையன் நாயைக் காட்டுனாத்தான் முழுங்குவானுங்க.
இப்ப நாய்க்கும் சேர்த்து வடிக்கறேன்.'

'அம்மா வல்லீங்களா?'
நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்குது என்றேன்.
ஒரு நிமிஷம் அடங்கினார்கள்.
பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாய்,
இட்லியின் நடுப்பாகம், நெய் ஒரு சொட்டு,
டிவி வேண்டாம், டிவி இருந்தாலும் பரவாயில்லை.

பக்கத்தில் ஒடிசாக்காரப் பெண்
ஒன்றும் சொல்லவில்லை.
தன் மகனின் கரண்டியை எடுத்து
என் மகள் கையில் கொடுத்தார்.
தின்னவில்லை அவள்;
காம்பைக் கடித்தாள், விடாமல் கடித்தாள்.

'பதினேழு!'

ஊசி இறங்கியதும் திறந்தது வாய்,
இத்தனை நாள் நான் கெஞ்சிய வாய்.
கீழ் ஈறில், சிவப்புக்கு நடுவே,
நொய்யரிசி போல ஒன்று.

ஓடினேன்.
அவளை எழுப்பிச் சொல்ல வேண்டும்.
பாதி வழியில்தான் பார்த்தேன்,
கரண்டி இன்னும் மகள் கையில்.