அரைப்பக்கத்துக்கு மிகாமல்

படிவத்தின் ஏழாவது கட்டம்:
பள்ளியின் வரலாறு, அரைப்பக்கத்துக்கு மிகாமல்.
எட்டாவது: எந்தப் பள்ளியோடு இணைக்கப்படுகிறது.
எட்டை முதலில் நிரப்பிவிட்டேன்.

மூலக்கண்டிகை.
ஒரு கட்டடம், இரண்டு அறை, மாணவர் ஒருவர்.
ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஆந்திரத்து மாந்தோப்பு.
இந்தப்பக்கமும் மாந்தோப்புதான்.

இந்தப் பள்ளி எங்கேயும் போனதில்லை.
கல்தூண் ஊன்றிய இடத்திலேயே நிற்கிறது.
மாவட்டங்கள்தான் வந்து வந்து போயின,
சித்தூர், செங்கல்பட்டு, திருவள்ளூர் என்று.
மேசை இழுப்பறையில் ரப்பர் முத்திரைகள் ஒரு கைப்பிடி,
மைப்பெட்டி ஒன்றே ஒன்று, காய்ந்து.

அறுபதுக்கு முன் ஆய்வாளர் மேற்கேயிருந்து வந்தார்,
ஆற்று மணலில் வண்டிமாடு திணற.
பிறகு கிழக்கேயிருந்து, ஜீப்பில்.
பிள்ளைகள் திரும்பி நின்று வணக்கம் சொல்லப் பழகினார்கள்.
எல்லைப் பிரிவினை இங்கே அவ்வளவுதான்
என்று எழுதினால் மேலதிகாரி
சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

சேர்க்கைப் பதிவேடு, எண் ஒன்று:
முனிரத்தினம், தகப்பன் கொண்டய்யா, கூலி.
நானூற்றுப் பதினேழு வரை தெலுங்கு.
நானூற்றுப் பதினெட்டு தமிழ்.
நடுவில் ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை.
அதே கை, அதே சாய்வு.
ஏசுபாதம் என்கிற ஓராசிரியர்
ஒரு கோடை விடுமுறைக்குள் தமிழ் எழுதக் கற்றுக்கொண்டு
ஜூனில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.
ழகரம் வருகிற பெயர்களில் மட்டும்
பேனா நின்று, மை ஊறியிருக்கிறது.
'அழகம்மா'வை ஓரத்தில் மூன்று தடவை
எழுதிப் பார்த்திருக்கிறார்.
மூன்றாவது பரவாயில்லை.

விலகிய காரணம் என்றொரு பத்தி உண்டு.
வேர்க்கடலை பிடுங்க.
பொதட்டூர்பேட்டை, தறிக்கு.
செங்கல் சூளை, செங்கல் சூளை, மேற்படி, மேற்படி.
கலியாணம் (வயது, கறையான் தின்ற இடத்தில்).
எண் அறுநூற்று இரண்டுக்கு எதிரே
'அந்தப் பக்கம் போய்விட்டாள்'.
ஆற்றின் அந்தப் பக்கமா என்று
கேட்க ஆளில்லை.

தமிழுக்கு மாறிய பிறகும்
கடைசி அட்டையில் ஒரு பக்கம் தெலுங்கு.
அலுவலகத்தில் யாருக்கும் வாசிக்க வராது.
டீக்கடை சஞ்சீவுலு கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.
அந்தப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவர்.
எழுத்து எழுத்தாகக் கூட்டி,
வாய்க்குள் ஒருமுறை, வெளியே ஒருமுறை:
கரும்பலகைக்குக் கரி, எட்டணா.
கங்கம்மா மகனுக்குச் சட்டை, ஒன்றே கால் ரூபாய்.
தண்டவாளத்துண்டு ஒன்று,
ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷன் கூலியாளிடம், மூன்று ரூபாய்.
'சர்க்காருக்கு இதைக் காட்டவில்லை.'
சஞ்சீவுலு சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
அந்தச் சட்டை பச்சைக் கட்டம் போட்டது என்றார்.
அவருடைய அம்மா பெயரை நான் கேட்கவில்லை.

சொத்துகளை எண்ணப் போனேன்.
பெஞ்சு நான்கு, பீரோ ஒன்று (பூட்டு இல்லை),
கணினி ஒன்று (உறை பிரிக்கப்படவில்லை),
உலக உருண்டை ஒன்று, அச்சு முறிந்தது.
வேப்பங்கிளையில் தண்டவாளம் தொங்கியது.
கம்பி இறங்கிய இடத்தில் மரம் அதை
பாதி விழுங்கியிருந்தது.

நான்காம் வகுப்பு நாகவள்ளி,
மொத்த வருகையும் அவளே,
என்னோடு கூடவே எண்ணிக்கொண்டு வந்தாள்.
'மணியும் அந்த ஸ்கூலுக்கு வருமா மேடம்?'
இருப்புப் பதிவேட்டில் இல்லாத பொருளை
இடமாற்றம் செய்ய முடியாது என்றேன்.
புது ஊர் இரண்டரைக் கிலோமீட்டர்,
நடுவில் நாலுவழிச் சாலை.
ஆட்டோவுக்குப் பணம் வரும், வரும்வரை நட என்றும் சொன்னேன்.
தலையை ஆட்டினாள்.

ஏழாவது கட்டத்தில்
'இப்பள்ளி பல ஆண்டுகளாகச் செயல்பட்டு வந்தது'
என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன்.
ஒன்பது கோடு மிச்சம்.

பூட்டும்போது பார்த்தேன்,
மணி அடிக்கிற துருப்பிடித்த போல்ட்டை எடுத்து
அவள் பைக்குள், கணக்கு நோட்டுக்குக் கீழே
செருகிக்கொண்டிருந்தாள்.
நல்லவேளையாகப் படிவத்தில்
அதற்கென்று கட்டம் இல்லை.