நூற்று நாற்பது கிராம்

இந்தக் குளிருக்கு எதற்கு ஏசி என்று
வேனை நிறுத்தும்போதெல்லாம் நிஸ்தார் கேட்பான்.
கோபுரத்தின் காலடியில் பூட்டிய அறை,
உள்ளே பற்றரிகள் காய்ச்சலில் கிடக்கும்.
வெளியே கந்தப்பளைப் பனி. பதினொரு பாகை.

கேஜைக் கொழுவினேன்.
ஊசி எண்பத்தைந்தில் நின்றது.
கொழும்பில் படித்த அட்டவணை
நூற்றிருபது கேட்கிறது.

“கேஸ் இறங்கிப்போச்சு, போட்டுட்டுப் போவோம்.”

கேஸ் என்ன தேத்தண்ணியா
குடிக்கக் குடிக்கக் குறைய?
ஓட்டை இருந்தால்தான் குறையும்.
சவர்க்கார நுரையை மூட்டு மூட்டாய்த் தடவினேன்,
ஒரு குமிழிகூட எழவில்லை.

அப்புறம்தான் கதவுக்குப் பின்னால் தொங்கிய தாளைப் பார்த்தேன்.
ஆகஸ்ட், காலை: குறைவு. 120 கிராம் போடப்பட்டது.
நவம்பர், காலை: குறைவு. 200.
ஜனவரி, காலை: குறைவு. 140.
மார்ச் முழுக்க, நண்பகலில்:
அமுக்கம் கூடி நின்றுவிட்டது. நின்றுவிட்டது. நின்றுவிட்டது.

மூன்றாவது கையெழுத்து
தவச்செல்வி.
நான்.

வேனில் கிடந்த படங்கை எடுத்து
வெளிப்பெட்டியின் முதுகில் கட்டினேன்.
மலைக்காற்று கொஞ்சம் பொறுக்கட்டும்.
ஊசி ஏறியது. ஏறிக்கொண்டே போனது.
ஆறு பாகை குளிர்ந்து வரவேண்டிய திரவம்
பதினேழு குளிர்ந்து வந்தது,
போக இடமில்லாமல் சுருளில் தேங்கித் தேங்கி.
குறைந்திருந்தது கேஸ் அல்ல.
பனிதான் ஊசியைக் கீழே பிடித்து வைத்திருந்தது.

முழுவதையும் சிலிண்டருக்குள் இழுத்துத் தராசில் வைத்தேன்.
1610.
தகட்டில் பொறித்திருப்பது 1150.

ஈரக்கொழுந்து என்று சொல்லி
அம்மாவுக்கு நேற்றும் இரண்டு கிலோ வெட்டினார்கள்.
அந்தத் தராசிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது.
இந்தத் தராசு ஒன்றும் வெட்டவில்லை;
ஜனவரியில் நான்தான் இதைத் தூக்கச் சோம்பி
வேனிலேயே விட்டுவிட்டு
ஊசியை நம்பினேன்.

வெற்றிடம் பிடிக்க முக்கால் மணி நேரம்.
நிஸ்தார் ரொட்டியைப் பிய்த்து
பாதியைக் கட்டச்சம்பலோடு நீட்டினான்.
பிறகு 1150, ஒரு கிராம் கூடாமல்.

தாளில் எழுதினேன்:
ஏப்ரல், காலை. 460 கிராம் எடுக்கப்பட்டது.
அதில் 140 நான் போட்டது.

“அத ஏன் எழுதுறீங்க? யாரு பார்க்கப்போறா?”

பனி விலகி, கோபுரத்தின் நிழல்
கரட் பாத்திகளின் மேல் நீளமாய் விழுந்தது.
நண்பகலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
எஞ்சினை நிப்பாட்டு, என்றேன்.
இருந்து பார்த்துவிட்டே போவோம்.