நாக்குக் கடன்

அவள் பெயர் ஒரு சொடுக்கில் தொடங்கும்.
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி
வெடுக்கென்று பிரிக்க வேண்டும்.
பாவம் பார்த்து உச்சுக் கொட்டுகிறோமே,
அதைவிடக் கொஞ்சம் தடித்த ஓசை.
எனக்கு எழுத வந்தது கெனெஹெலோ என்றுதான்.
அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள்.

லெசோத்தோ மலையில், ஜூலைப் பனியில்,
மூன்று ஆடு கொடுத்து வாங்கிய குதிரை போகா.
இடது விலாவில் சாட்டை இழுத்த கோடுகளில்
மயிர் வெள்ளையாக முளைத்திருந்தது.
சேணத்தைக் கண்டால் போதும்,
கல்வேலியோடு ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கும்.

"ரெண்டு நாள், ஒரு கயிறு. முன்னங்காலைக் கட்டு"
என்றான் கொழுந்தன் செகொன்யானா.
அவள் போர்வை மடிப்பில்
வறுத்த மக்காச்சோளத்தை முடிந்துகொண்டு போனாள்.

முதல் நாள் ஒரு காது அவள் பக்கம் திரும்பியது.
சொடுக்கு. ஒரு மணி.
மூன்றாம் நாள் ஓர் எட்டு.
சொடுக்கு. ஒரு மணி.
பிறகு எட்டு நாள் ஒன்றுமே இல்லை;
கல்லில் உட்கார்ந்து காலுறைக் கிழிசல் தைத்தாள்.
பன்னிரண்டாம் நாள்
அதுவாகவே வந்து சேணத்தை முகர்ந்தது.
ஒரு பிடி அள்ளினாள்.
கை விறைத்ததில் பாதி பனியில் சிந்த
அதையும் பொறுக்கித் தின்றது.

சொடுக்கிவிட்டால் கொடுத்தாக வேண்டும்.
அவளிடம் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

அவள் யோசிக்காமல் விட்டது:
அந்த மொழியெங்கும் சொடுக்கு.
தொடங்கு என்பதில் ஒன்று. முடி என்பதில் ஒன்று.
தலைவர் முற்றத்தில் ஊர்க்கூட்டம்,
மேய்ச்சல் நிலத்துத் தகராறு.
வெளியே கட்டியிருந்த போகா
ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் திருப்பி,
கடைசியில் முளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து
போர்வை போர்வையாக மூக்கை நுழைத்தது.
கூட்டம் சிரித்தது.
அவளுக்குச் சிரிக்க நேரமில்லை.
ஊரார் வாய் பட்ட கடனையெல்லாம்
ஓடி ஓடி அடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது எழுந்தவன் லெபாமாங்.
போன வருடம் வரை சாட்டை அவன் கையில் இருந்தது.
"என் பேச்சு முடிந்தது" என்றான்.
முடிந்தது என்பதில் அந்தச் சொடுக்கு.

குதிரை அவனைப் பார்த்தது.
கழுத்து மட்டும் நீண்டது,
பின்னங்கால்கள் வரவில்லை.
அவன் விரித்த கையில் ஒன்றும் இல்லை.

மடியில் மிச்சம் மூன்று மணி.
கொடுப்பதா என்று அவள் நின்ற நேரத்தில்
ஒருவரும் இருமக்கூட இல்லை.

கொண்டுபோய் அவன் உள்ளங்கையில் வைத்தாள்.
உதடு பட்டதும் கை நடுங்கியது.
இரண்டை எடுத்தது குதிரை.
மூன்றாவது கீழே விழுந்தது.
யாரும் குனியவில்லை.

மறுநாள்
கடைக்குப் போய் மூக்குப்பொடி டப்பா ஒன்று வாங்கினாள்.
பொடியைக் கொழுந்தனுக்குக் கொடுத்துவிட்டு
மூடியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள்.
டப்.
எவர் பெயரிலும் இல்லாத சத்தம்.

வேலிக்கு அந்தப் பக்கம்
ஒரு காது திரும்பியது.