எழுபத்தெட்டுக் கிராம்

பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கு.
மாலு பணிஸ் ஒன்றை விடப் பாரம் குறைவு
என்று நான்தான் சேர்த்துச் சொல்லுவேன்.
ரிஸ்மின் சேருக்கு அது பிடிக்காது;
ஆனால் ஆட்கள் சிரித்துவிட்டு முகத்தை நீட்டுகிறார்கள்.

பம்பலப்பிட்டி, மூன்றாம் மாடி,
எஸ்கலேட்டர் வந்து முடிகிற இடம்.
ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மேசை,
ஸ்பிரிட் போத்தல், துடைக்கிற துணி, நான்.
ஆளுக்கு ஆறு நிமிடம் இலவசம்.
படம் பார்க்கலாம், கிரிக்கெட் பார்க்கலாம்,
இல்லாவிட்டால் ஓய்வு என்ற பொத்தானை அழுத்தினால்
கடல் வரும்.

கடல்.
கட்டடத்துக்குப் பின்னால் இறங்கித்
தண்டவாளத்தைக் கடந்தால் அது சும்மா கிடக்கிறது,
பொலித்தீனோடும் மீன் வெடுக்கோடும்
ஒரு குடைக்குள் ஒளிந்திருக்கிற சோடிகளோடும்.
அதை ஒருவரும் கேட்பதில்லை.
இது வேறு கடல். மாலைதீவாக இருக்கலாம்.
இதன் இரண்டு அலைக்கு நடுவே
எந்த ரயிலும் கூவாது.

எனக்கு இரண்டு கண்ணும் மைனஸ் ஏழு.
இதில் இருக்கிற திருகி மைனஸ் ஐந்தோடு நின்றுவிடும்.
என் கண்ணாடிக்கு மேலே போட்டால் மூக்கில் நிற்காது.
ஆக, ஐந்து மாதமாக நான் விற்கிற கடலை
நான் கண்டதில்லை. ஒரு நீலக் கறை,
நனைந்த கொப்பியில் மை ஊறினது போல.
எனக்குத் தெரிந்ததெல்லாம் வாய்கள்.

கண் மூடப்பட்டதும் வாய் தனியாளாகிவிடுகிறது.
வங்கி மனேஜர் ஒருவருக்குக் கீழுதடு தொங்கிவிட்டது.
நூற்றிமுப்பத்தெட்டாம் நம்பர் பஸ் கொண்டக்டர்
ஒரு திமிங்கிலத்திடம் "ஹெமின், ஹெமின்" என்றார்,
மிதிபலகையில் இறங்குகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.
கலியாணம் பேசி முடித்த ஒரு சோடி
மாறி மாறிப் போட்டுப் பார்த்தது.
அவள் கடல் பார்க்கையில் அவன் அவளைப் பார்த்தான்.
அவன் கடல் பார்க்கையில் அவள் போனைப் பார்த்தாள்.
நான் துணியை மடித்தேன்.

புதன்கிழமை ஒரு பெண். கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை,
திரும்பிக் கிடந்ததால் பெயர் தெரியவில்லை.
படம் வேண்டாம். கடல் வேண்டாம்.
மழைக்காடு, மூச்சுப் பயிற்சி, மணிச்சத்தம், வேண்டாம்.
"ஒண்டும் போடாதீங்கோ தங்கச்சி.
இருட்டு மட்டும் வருமோ?"

வரும். மெனுவில் அதற்குப் பெயர் இல்லை;
எல்லாவற்றையும் மூடினால் மிஞ்சுவது அதுதான்.
மூடிக் கொடுத்தேன்.
அவ செருப்பைக் கழற்றினா.
கை இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்தா,
யாரோ எதையோ வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்பது போல.
வாயில் ஒரு செய்தியும் இல்லை.
அப்படி ஒரு வாயை நான் வாசித்ததில்லை.

ஆறாவது நிமிடத்தில் ரிஸ்மின் சேர் மணிக்கூட்டைத் தட்டினார்.
சார்ஜ் இறங்கிப் போச்சு சேர், ஏத்துறன் என்றேன்.
வரிசையில் ஒரு பொடியன் தகப்பனின் கையை இழுத்தான்.
பதினொன்று.
பதினாறு.
இருபத்திரண்டில் அவவே கழற்றி,
மூக்கில் விழுந்த சிவப்புக் குழிகளைத் தடவியபடி
விலை கேட்டா. சொன்னேன்.
"இருட்டுக்கு இது கூட" என்றா,
பகிடிதான் என்று நினைக்கிறேன்,
செருப்பை மாட்டிக்கொண்டு போயிட்டா.

துடைக்க எடுத்தேன். உள்பக்கம் ஈரம்.
வியர்வையாக இருக்கலாம். மாடியில் ஏசி பழுது,
இரண்டு நாளாக அவசரவழிக் கதவைத் திறந்து
ஒரு வாளியை முண்டுகொடுத்து வைத்திருக்கிறார்கள்.

எட்டரைக்கு, ஷட்டர் பாதி இறங்கிய பிறகு,
என் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் போட்டேன்.
எல்லாவற்றையும் மூடினேன்.
இருட்டுக்கு மைனஸ் ஏழு தேவைப்படவில்லை.
ஐந்து மாதத்தில் முதல்தடவையாக, தெளிவு.
ரிஸ்மின் சேர் காசு எண்ணினார், பிழைத்தார், திரும்ப எண்ணினார்.
பாணந்துறை ரயில் கூவிக்கொண்டு போனது.
அது போய் முடிந்த பிறகும்
ஒரு இரைச்சல் மிச்சமிருந்தது,
வந்து, போய், வந்து.

ஏசியாக இருக்காது.
அதுதான் பழுதே.