சொச்சம்

வெடியால அஞ்சரைக்குச் சாவியைத் திருகினால்
'டிக்' என்று ஒரு சொல்.
அதற்குமேல் பேச்சில்லை.
செல்ஃப் மோட்டாரை நம்பாமல்
ராத்திரியே மாட்டாஸ்பத்திரிச் சரிவில்
மூக்கு கீழே பார்க்க நிறுத்தி
சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்து வருகிறேன்.
பால் சொசைட்டிக்குப் போகும் பாவாத்தா அக்கா
தூக்குப் போசியை இறக்கி வைத்துவிட்டு
காலால் கல்லை எத்திவிடுவாள்.
உருளும். ரெண்டாவது கியர்.
கிளட்ச்சை விட்டால்
இருமி, உலுக்கி,
கருப்பாய் ஒரு மூச்சு விட்டு
வேலைக்கு வந்துவிடும்.

பெருந்துறையில் கோழித்தீவனம் ஏற்றியவரிடம் வாங்கினது.
வெயில் ஏறினால் இன்னும் மீன்தூள் வாசம்.
'நூல்ல ஏறுதுங்க' என்று
சைசிங் மில் சூப்பர்வைசர் மூக்கைச் சுருக்குவார்.
வாடகையைச் சொன்னதும் சுருக்கம் போய்விடும்.

டீசல் முள் எப்போதும் பாதியில்.
என் வாழ்க்கையில் வேறெதுவும்
இத்தனை வருசம் பாதி நிறைந்தே இருந்ததில்லை.
சீமாத்துக் குச்சியை டேங்கில் விட்டு
ஈரம் பார்த்துத்தான் பங்க்குக்குத் திருப்புகிறேன்.

ஸ்டியரிங்கில் கால் வட்டம் ஆட்டம் உண்டு.
ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து
இடப்பக்கமிருந்து தள்ளும்.
அதுவும் இதுவும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு
வண்டி நூல் பிடித்தாற்போல் போகும்.
காத்து நின்றால்தான் எனக்குத் தடுமாற்றம்.

என் பக்கத்துக் கதவு மட்டும் நீலம்,
உக்கடத்தில் கழட்டினது.
உள்ளே ஆணியால் யாரோ கீறியிருக்கிறார்கள்:
'ரமணி 2ஆம் வகுப்பு ஆ பிரிவு'.
ஒவ்வொரு எஃப்.சி.க்கும் ஹக்கீம் கேட்பான்,
'வெள்ளை அடிச்சிரலாங்களாக்கா?'
அடுத்த எஃப்.சி.க்குப் பார்க்கலாம் என்று
தாக்காட்டிக்கொண்டே இருக்கிறேன்.

கிலோமீட்டர் நின்றது காரணம்பேட்டை நால்ரோட்டில்,
மூணு நாப்பத்தொண்ணு தொள்ளாயிரத்து ஏழு.
அன்றைக்குத்தான் மகளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட்.
அவள் படித்து, வேலைக்குப் போய்,
பெங்களூரில் ஸ்கூட்டியும் வாங்கிவிட்டாள்.
மீட்டர் அந்த ஏழிலேயே இருக்கிறது.

போன மாசம் லோன் கம்பெனித் தம்பி ஒருவர்
தறிக்குடோன் வாசலில் பிடித்துக்கொண்டார்.
மாசம் பதினாறாயிரத்து நானூறு, அறுபது மாசம்,
ஏசி உண்டுங்க, உங்கள மாதிரி லேடீஸுக்கு...
பீம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை விரித்தேன்.
போன வருசத்துச் செலவு:
முன்பட்டை ரெண்டு, வாட்டர் பாடி, டைனமோ கார்பன்,
ஹக்கீம் பட்டறையில் குடித்த டீ
(அதையும் எழுதுவேன்),
ஆக அறுபத்தொன்பதாயிரத்து முந்நூத்தம்பது.
தம்பி ரோசனை பண்ணிவிட்டு
அட்டையைக் கொடுத்துப் போனார்.

நான் ஒன்றும் ஜெயிக்கவில்லை.
அடுத்த வாரமே சாமளாபுரம் ஏரிக்கரையில்,
பின்னால் நாலு பாவு பீம் இருக்க,
மிதித்த கிளட்ச் தரையோடு போனது, மேலே வரவில்லை.
நின்றால் கிளம்பாது.
ஆக்சிலேட்டரைக் காதால் அளந்து
ஒவ்வொரு கியரையும் இரந்து இரந்து மாற்றி,
எதிரே பஸ், ஆடு,
நோம்பிக்குப் பந்தல் போடுகிறவர்கள்,
எல்லாரையும் ஹாரனில் கும்பிட்டுக்கொண்டு
பதினொரு கிலோமீட்டர்.
குடோன் வந்தும் நிறுத்த மனசு வராமல்
களத்தைச் சுத்தி ஒரு வட்டம் கூடுதலாய் அடித்தேன்.
தறிக்காரப் பையன்கள் சிரித்தார்கள்.
இறங்கியபோது தொடை நடுங்கியது.
அன்று ராத்திரி கனவில் புது வண்டி வந்தது,
மறைக்க என்ன இருக்கிறது.
ஏசி கூடப் போட்டிருந்தேன்.

அட்டையை நாலாய் மடித்து
கண்ணாடி இடுக்கில் சொருகியிருக்கிறேன்.
தடதடப்பு நின்றுவிட்டது.
தேவைப்பட்டால் நம்பரும் அங்கேயே இருக்கிறது.

இன்றைக்கு வெடியால
அவிநாசிக்காரர் ஒருவர் விலை கேட்டு வந்தார்.
சுத்தி வந்து, டயரை உதைத்துப் பார்த்து,
நீலக் கதவை ரெண்டு தட்டுத் தட்டி,
'எத்தன ஓடியிருக்குங்க?' என்றார்.
மூணு நாப்பத்தொண்ணு தொள்ளாயிரத்து ஏழுங்க,
அதுபோகச் சொச்சம்.
சொச்சம்னா எவ்வளவு என்று அவர் கேட்பதற்குள்
பாவாத்தா அக்கா
கல்லை எத்திவிட்டாள்.